முட்டி மாற்று அறுவை சிகிச்சை: முன்னால் ஆறு வாரம், பின்னால் மூன்று மாதம்

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது, இரண்டு வருட இடைவெளியில். முதலில் வலது. அதற்கு நாங்கள் எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. தேதி கொடுத்தார்கள், துணிமணியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். இடது முட்டிக்கு ஆறு வாரம் முன்பே வேலையைத் தொடங்கினோம். அதே மருத்துவர், அதே வகை மூட்டு, அம்மாவுக்கு இரண்டு வயது கூடியிருந்தது வேறு. ஆனாலும் முதல் முறை கைத்தடி இல்லாமல் நடக்க நான்கு மாதம் பிடித்தது, இரண்டாம் முறை ஏழே வாரம்.

அந்த இரண்டு முறையும் கற்றுக்கொண்டதை, அடுத்துப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து வந்தவரைப் பார்க்க வருகிற எல்லாரும் "எவ்வளவு மடக்க முடியுது?" என்றுதான் கேட்பார்கள். மடக்குவது முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் கால் முழுசாக நீள வேண்டும். வலது முட்டியில் நாங்கள் கோட்டைவிட்டது அங்கேதான்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

மூட்டையே வெட்டி எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைப்பார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது அதுவல்ல. தேய்ந்துபோன மேற்பரப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டுப் புது மேற்பரப்பு போடுகிறார்கள். தொடை எலும்பின் கீழ் முனையிலும் கால் எலும்பின் மேல் முனையிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு எடுப்பார்கள். மேலே பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலவையில் ஒரு உறை, கீழே டைட்டானியம் தட்டு, இரண்டுக்கும் நடுவே ஜவ்வுக்குப் பதிலாக வழுவழுப்பான பாலிஎத்திலீன் துண்டு. சிலருக்கு முட்டிச் சில்லின் உட்புறத்திலும் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பதுண்டு. எலும்போடு பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் எலும்பு சிமென்ட் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், முன்னே பின்னே ஆகலாம்.

இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்ரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் கொண்டுவந்த வடிவம். ஆக, அரை நூற்றாண்டு அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று, முழு முட்டி மாற்றியவர்களில் 82 சதவீதம் பேருக்கு அந்த மூட்டு 25 வருடம் தாங்குகிறது என்று கணக்கிட்டது. "பத்து வருஷத்தில் மறுபடியும் மாத்தணுமாமே" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மாற்றுவது மேற்பரப்பைத்தான். சுற்றியிருக்கிற சதை பழையதுதான். வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்ததால் இளைத்துப்போன தொடைச் சதை, அரைகுறையாகவே நீட்டி நீட்டிச் சுருங்கிப்போன பின்பக்க நார்கள், எல்லாம் அப்படியே இருக்கும். புது மூட்டு இவற்றை வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆறு வாரம் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

சம்மதம் சொல்லும் முன்

எக்ஸ்ரே மோசமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறதா, நடக்கிற தூரம் மாதாமாதம் குறைகிறதா, எடை குறைப்பு, உடற்பயிற்சி, மாத்திரை, ஊசி எல்லாம் முயன்று பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் பேச்சைத் தொடங்கலாம். இது அவசர சிகிச்சை அல்ல. யோசிக்க நேரம் இருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பகுதி மாற்று போதுமா? வலி முட்டியிலிருந்துதான் வருகிறதா, இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ இறங்கி வருகிறதா? இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் செய்ய என் இதயமும் நுரையீரலும் தாங்குமா? அப்புறம் ஒன்று: முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று வரும் அபாயம் கூடும் என்பதால் பெரும்பாலானவர்கள் தள்ளிவைப்பார்கள்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முட்டி மாற்றிய பிறகும் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். தேய்மான வலி போகும், நடை கூடும். இருபது வயது முட்டி திரும்பக் கிடைக்காது.

ஆறு வாரம் முன்பு

பல்லில் தொடங்குங்கள். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் சொத்தைப் பல்லிலோ ஈறிலோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் புது மூட்டில் தங்க முடியும். உலோகத்தின் மேல் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் விரட்டுவது மிகக் கடினம். அடைக்க வேண்டியதை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். அதேபோல் காலில் வெடிப்பு, புண், நக இடுக்கில் சீழ், சிறுநீரில் எரிச்சல் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. அது மிகவும் ஆபத்தான சிக்கனம்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இப்போதே இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளலாம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கண்டுபிடித்தால் நேரம் இருக்காது. சுகர் உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. அது 8க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் முதலில் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். புகைப் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், தையல் ஆறாது.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தவே கூடாதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சுகருக்கு டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூலிகை மருந்து, சத்து மாத்திரை இவையும் பட்டியலில் வரட்டும். "அது மருந்தா என்ன?" என்று விட்டுவிடாதீர்கள், சிலவற்றுக்கு ரத்தக் கசிவைக் கூட்டும் குணம் உண்டு.

இனி உடற்பயிற்சி. இதில் மூன்று போதும், ஆனால் தினமும் வேண்டும்.

முதலாவது, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையோடு அழுத்துவது. தொடையின் முன்பக்கச் சதை இறுகி, முட்டிச் சில்லு மேலே இழுபடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, மூன்று வேளை.

இரண்டாவது, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி மெல்ல இறக்குவது. இறக்கும்போது சட்டென்று போடக்கூடாது, சதைக்கு வேலையே அங்கேதான்.

மூன்றாவது, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. போகப்போகக் கையை ஊன்றாமல் எழப் பாருங்கள். கைகளுக்கும் பயிற்சி வேண்டும், முதல் இரண்டு வாரம் உடம்பைத் தாங்கப்போவது அவைதான்.

வாக்கரை இப்போதே வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ பழகிவிடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். வாக்கர் முதலில், அறுவை செய்யப்போகிற கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். அம்மா இதை வலியில்லாத நிலையில் பத்து நாள் பழகியிருந்ததால், இரண்டாம் முறை மருத்துவமனையில் எழுந்து நின்றதும் கால் தானாகவே வரிசையைப் பிடித்துக்கொண்டது. முதல் முறை மயக்கக் கலக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுக்க, அம்மா எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

வீட்டை ஒழுங்குசெய்வது

வாக்கரோடு நீங்களே ஒரு முறை படுக்கையிலிருந்து கழிப்பறைவரை நடந்து பாருங்கள். எது இடிக்கிறது, எது தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். விரிப்பு, வயர், வழியில் கிடக்கும் செருப்பு எல்லாவற்றையும் எடுங்கள். மாடியில் படுக்கிறவர் என்றால் இரண்டு வாரத்துக்குக் கீழே படுக்கை போடுவது நல்லது.

நாற்காலி கெட்டியாக, கை வைத்ததாக, உட்காரும் இடம் முட்டி உயரத்துக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். சோபாவில் புதைந்தால் எழ முடியாது. கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் அதன் மேல் பொருத்தும் உயர இருக்கை கிடைக்கிறது. பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வழுக்காத மிதியடி, இரவில் எரியும் சின்ன விளக்கு. அன்றாடம் எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் முதல் சில வாரம் காலைச் சுற்றி வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

கூட இருக்கப்போகிறவர் குறைந்தது ஒரு வாரம் முழு நேரமும் இருப்பது நல்லது.

முந்தைய நாளும் அன்றும்

கிருமிநாசினி சோப்பு கொடுத்தால் சொன்னபடி குளியுங்கள். காலில் முடியை நீங்களாகச் சிரைக்காதீர்கள், சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல். திட உணவு ஆறு மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான கணக்கு. உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி.

எந்தக் கால் என்று மருத்துவர் பேனாவால் குறி போடுவார். பலமுறை பெயரும் எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள். எரிச்சல்படாமல் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தூங்க வேண்டுமானால் அதற்கும் லேசான மருந்து உண்டு. முழு மயக்கமும் சிலருக்குத் தருவார்கள்.

மருத்துவமனையில்

அன்றைக்கே அல்லது மறுநாள் எழுப்பி நிற்க வைப்பார்கள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று வீட்டில் உள்ளவர்கள் தடுக்கக் கூடாது. சீக்கிரம் எழுந்தால் கெண்டைக்காலில் ரத்தக் கட்டி உருவாகும் வாய்ப்புக் குறையும், நுரையீரலும் நன்றாக விரியும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பதும் அதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. வலிக்காக நரம்பைச் சுற்றி மருந்து போட்டிருந்தால் கால் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். நம்பி எழுந்தால் முட்டி மடங்கி விழ வைத்துவிடும். முதல் ஒன்றிரண்டு நாள் தனியாகக் கழிப்பறைக்குப் போகக் கூடாது, மணியை அடித்து ஆளைக் கூப்பிடுங்கள்.

முதல் நாள் வலி குறைவாகவும் இரண்டாம் மூன்றாம் நாள் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். ஆபரேஷனில் போட்ட மருந்துகள் விலகுகிற நேரம் அது, வீக்கமும் அப்போதுதான் ஏறும். எதுவோ தப்பாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஒன்று முதல் மூன்று நாளில் பலர் வீடு திரும்புகிறார்கள். அதற்குள் படுக்கையிலிருந்து தானே இறங்குவது, கழிப்பறை போய்வருவது, படி ஏறி இறங்குவது மூன்றும் பழகியிருக்க வேண்டும். படிக்கு ஒரே விதிதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

வீட்டில் முதல் இரண்டு வாரம்

மிக முக்கியமான பகுதி இது.

வலிக்கிற முட்டிக்குச் சற்றே மடங்கியிருப்பதுதான் சுகம். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது கொஞ்சம் மடங்கினால் உள்ளே இடம் கூடும், அழுத்தம் குறையும். அதனால் படுத்தவர் "முட்டிக்கடியில் ஒரு தலையணை வையேன்" என்பார். வலது முட்டிக்கு நான் பாசத்தோடு வைத்தேன், பத்து நாள். பஞ்சுத் தலையணை, மேலே மடித்த போர்வை வேறு. அம்மா நிம்மதியாகத் தூங்கினார், நானும் சந்தோஷப்பட்டேன். பதினோராம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் தலையணையை உருவிவிட்டு, அம்மாவைக் காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவே தன் கையை நுழைத்துக் காட்டினார். நான்கு விரலும் தாராளமாகப் போயின. அந்த நான்கு விரல் இடைவெளியை மூட எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று, ஒவ்வொரு விரலுக்கும் அம்மா அழுதார்.

முட்டி முழுசாக நீளாவிட்டால் அந்தக் கால் குட்டையான கால்போல நடக்கும். நிற்கும்போதெல்லாம் தொடைச் சதை இறுகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் களைத்துப்போகும். கெந்தல் போகாது, இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றி உள்ளே தழும்பு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வரும், காலை எந்த நிலையில் வைத்திருக்கிறோமோ அந்த நிலையிலேயே. முதல் வாரங்களை விட்டுவிடக் கூடாது என்பது அதனால்.

ஆகவே தலையணை முட்டிக்கடியில் வேண்டாம், குதிகாலுக்கடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் இருக்கட்டும், தன் எடையிலேயே கீழே இறங்கி நீளும். நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம்வரை. முட்டியின் பின்னால் இழுக்கும், வலிக்கும், அதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம். தினமும் காலையில் அதே விரல் சோதனையைச் செய்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். இடது முட்டிக்கு நாங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் தாளை ஒட்டியிருந்தோம்: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. பதின்மூன்றாம் நாள் விரல் நுழையவில்லை.

மடக்குவதற்கு, படுத்துக்கொண்டு குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி உடம்பை நோக்கி இழுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் தள்ளுவதும் நல்ல வழி. இரண்டு வாரத்தில் 90 டிகிரியை நெருங்குவது நல்ல முன்னேற்றம். கொஞ்சம் குறைந்தால் மனம் தளர வேண்டாம்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீர்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு, பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். "மாத்திரை அதிகம் சாப்பிடக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர் பயிற்சியையும் விட்டுவிடுவார், அதில்தான் நஷ்டம். கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். தண்ணீர், நார்ச்சத்து, தேவையானால் மலமிளக்கி என்று முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்துத் தொடங்கினால் அது வேறு ஒரு வேதனை.

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நாளுக்குப் பல தடவை வைக்கலாம். வீக்கத்துக்குக் காலை இதயத்தின் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்தால்தான் பலன். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை வைப்பது போதாது, படுத்துத்தான் தூக்க வேண்டும். தூக்கும்போதும் முட்டி மடங்காமல் முழுக் காலுக்கும் தாங்கல் கொடுங்கள்.

நடையை மருந்துபோல அளந்து கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் என்றால் நல்லது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் முட்டி உப்பிப்போய்ப் பயிற்சி எதுவும் செய்ய முடியாமல் கிடப்பவர்கள் நிறைய. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்கள் பயமுறுத்தும், ஆனால் சாதாரணம். தொடையிலிருந்து பாதம்வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போவது. முட்டி மாதக்கணக்கில் தொட்டால் சூடாக இருப்பது. தழும்பின் வெளிப்பக்கம் ஒரு பட்டை மரத்துப்போவது (தோலுக்கு வரும் ஒரு சின்ன நரம்பு வெட்டில் அகப்படுகிறது). நடக்கும்போது உள்ளே டக் டக் என்று சத்தம், அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுவது.

தூக்கம் சில வாரம் கெடும். புரண்டு படுக்க முடியாது, நடு இரவில் விழிப்பு வரும். இதோடு சேர்ந்து மனமும் தளரும். இரண்டாம் முறை எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தும், ஒன்பதாம் நாள் இரவு அம்மா "எதுக்குடா இதைப் பண்ணிக்கிட்டேன்" என்று கேட்டு அழுதார். நான் ஒன்றும் விளக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் சரியாகிவிட்டது. இப்படி ஒரு இரவு வரும் என்று பார்த்துக்கொள்கிறவருக்கும் தெரிந்திருக்கட்டும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடனே கூப்பிட வேண்டியவை

கெண்டைக்காலிலோ தொடையிலோ புதிதாக வலி, அழுத்தினால் நோவு, காலைத் தூக்கி வைத்தும் குறையாத வீக்கம் என்றால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையையோ ஊசியையோ "நடக்க ஆரம்பித்துவிட்டேனே" என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

தையலில் நீர் அல்லது சீழ் கசிவது, சிவப்பு பரவிக்கொண்டே போவது, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 பாரன்ஹீட்) மேல் காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த வலி திடீரென ஏறுவது எல்லாம் தொற்றின் அடையாளம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது அடையாளத்தை மறைத்துவிடும், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் சிரமமாகிவிடும். சரியான மருத்துவரிடம் சீக்கிரம் போனால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும், தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை

10 முதல் 14 நாளில் தையலோ ஸ்டேபிளோ பிரிப்பார்கள். காயம் முழுக்க மூடும்வரை தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ முட்டியை ஊற வைக்கக் கூடாது. தோல் நன்றாக மூடிய பிறகு, மருத்துவர் சரி என்றதும், தழும்பை விரலால் மெல்ல நீவிவிடலாம். தோல் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் நேரம் இது. கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் நோகிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார்கள், அது கெந்தலைப் பழக்கிவிடும். நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படட்டும், முட்டி நீண்டிருக்கட்டும். தடி இல்லாமல் கெந்திக்கொண்டு நடப்பதைவிட, தடியோடு நேராக நடப்பது மேல். அவசரப்பட்டு விடாதீர்கள்.

நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் இந்தக் கட்டத்தில் நல்ல துணை. இருக்கையை உயரமாக வைத்து, முதலில் முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆட்டுங்கள். ஒரு நாள் சுற்று தானாகவே முழுமையாகும். பெரும்பாலும் பின்பக்கமாகச் சுற்றுவதுதான் முதலில் வரும்.

சமதளத்தில் நடக்க 65 டிகிரி அளவு மடங்கினால் போதும். படிக்கு 90 அளவில் வேண்டும், தாழ்வான இருக்கையிலிருந்து எழ இன்னும் கொஞ்சம். முடிவில் 110 முதல் 120 வரை பலருக்குக் கிடைக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு எவ்வளவு மடங்கியதோ அதையொட்டித்தான் பின்பும் இருக்கும். ஆறு வாரம் தாண்டியும் 90 டிகிரியைத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு, மூன்று மாதத்துக்குள் செய்தால் அதிகப் பலன்.

வண்டி ஓட்டுவது சுமார் ஆறு வாரம் கழித்து. அவசரத்துக்குப் பிரேக்கை முழு வேகத்தில் மிதிக்க முடிய வேண்டும், தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பலாம், நின்றும் சுமந்தும் செய்யும் வேலைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

அதற்குப் பிறகு

மூன்றாம் மாதத்தில் பெரும்பாலான வேலைகள் வந்துவிடும். வீக்கம் மாலையில் மட்டும் எட்டிப்பார்க்கும். சதைக்குப் பலம் ஏறுவது ஒரு வருடம்வரை தொடரும், அதனால் "நடக்கிறேனே, போதும்" என்று பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்பது, சின்னப் படியில் ஏறி இறங்குவது, பாதி உட்கார்ந்து எழுவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அடுத்த கட்டம் இருக்கிறது.

நடை, நீச்சல், சைக்கிள் தாராளமாகச் செய்யலாம். ஓட்டம், குதிப்பது போன்றவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். முட்டி போடுவதால் மூட்டு கெட்டுவிடாது, ஆனால் அந்த மரத்த இடமும் தழும்பும் சேர்ந்து விநோதமாக இருக்கும். தழும்பு நன்றாக ஆறிய பிறகு மெத்தையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். தரையில் உட்காருவதை உங்கள் மூட்டின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். எப்படியும், தரையிலிருந்து எழுவது எப்படி என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் விழுந்தால் தேவைப்படும்.

விமான நிலையச் சோதனைக் கருவி சத்தம் போடலாம், முட்டி மாற்றியதைச் சொன்னால் கையால் சோதித்து அனுப்புவார்கள். பல் மருத்துவரிடம் எப்போது போனாலும் முட்டி மாற்றியதைச் சொல்லுங்கள். அவசரமில்லாத பல் சிகிச்சையை முதல் மூன்று மாதம் தள்ளிவைப்பது நல்லது. பின்னால் எந்த வருடத்திலும் காலில் புண்ணோ உடம்பில் பெரிய தொற்றோ வந்தால் அலட்சியம் வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், மூட்டு லேசாகத் தளர்வது முதலில் படத்தில்தான் தெரியும்.

அம்மாவின் வலது முட்டி இப்போதும் முழுசாக நீள மறுக்கிறது, ஒரு விரல் இன்னும் நுழையும். அதனால் குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து இரவு பத்து நிமிடம் படுத்திருக்கிறார், இரண்டு காலுக்கும் சேர்த்து.